பாட்டனார் படமும் பகலவன் ஒளியும்

குமரிமுனைக்கு வடகிழக்கே 6 அல்லது 7 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் நிமிர்ந்து நிற்பது வட்டக்கோட்டை. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டவர் டிலனாய் என்னும் டச்சுப் படைவீரர். பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவராகி, அந்நாட்டின் அரண்களை அவர் வலுப்படுத்தினார். அவர் மேற்பார்வையில் உருப்பெற்ற கோட்டைகளுள் வட்டக்கோட்டையும் ஒன்று. கருங்கல்லால் ஆகிய அதன் மதில்கள், கடலிலிருந்து எழும் கதிரவனை நாள்தோறும் எதிர்கொள்கின்றன. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வெயிலில் காய்ந்தும் அக்கற்களின் நிறம் பெரிதும் மாறவில்லை.

ஆனால் அதே வெயில், கோட்டையை அடுத்த ஊர்களிலுள்ள ஒரு வீட்டின் வாயில் வழியே நுழைந்து, சுவரில் தொங்கும் பழம்படம் ஒன்றின்மீது நாள்தோறும் சிறிது நேரம் விழுமாயின், ஒரு தலைமுறைக்குள் அப்படத்தை வெளிறச் செய்துவிடும். கல்லின் நிறத்தை மாற்றமாட்டாத ஒளி, காகிதத்தின் நிறத்தைக் கவர்ந்து செல்வது எவ்வாறு? அதனைத் தடுக்க நிழல் எவ்வகையில் துணை செய்கிறது? இவற்றை அறிந்துகொள்வது, முன்னோர் விட்டுச்சென்ற படமொன்றைத் தம் வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாததாகும்.

நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகளில் இருவகைப் படங்களைக் காணலாம். ஒன்று தெய்வப் படம். மற்றொன்று முன்னோரின் நிழற்படம். தெய்வப் படங்களுள் பல, ஓவியர் இரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்த்து அச்சிடப்பட்டவை. 1848-ஆம் ஆண்டு திருவிதாங்கூரைச் சார்ந்த கிளிமானூரில் பிறந்து, 1906-ஆம் ஆண்டு மறைந்த இரவிவர்மா, மேனாட்டு முறையில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டுவதில் வல்லவராய் விளங்கினார். அரண்மனைகளில் மட்டுமே காணக்கிடைத்த அவ்வோவியங்கள் எளியோர் வீட்டையும் அடையவேண்டும் என்னும் நோக்கத்துடன், 1894-ஆம் ஆண்டு பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் நிறுவப்பெற்றது. கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல் அமைத்து, நிறத்தின்மேல் நிறமாகப் பதித்து, அங்கே படங்கள் அச்சிடப்பட்டன. தாமரையில் நிற்கும் திருமகளும், வீணை ஏந்திய கலைமகளும் அவ்வாறே நாடெங்கும் பரவி, ஏழை எளியவரின் சுவர்களிலும் இடம்பெற்றனர்.

முன்னோரின் நிழற்படத்திற்கு இதனினும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அச்சிட்ட திருமகளின் படம் ஒன்று அழிந்தாலும் அதனை ஒத்த வேறொன்று எங்கேனும் கிடைக்கக்கூடும். பாட்டனாரின் படமோ பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், வாழ்நாளில் ஓரிரு முறை மட்டும் நிழற்படம் எடுத்துக்கொண்டோர் பலர். அவர்களை நேரில் கண்டவர் ஒவ்வொருவராக மறைந்தபின், அம்முகத்தை அறிந்துகொள்ள எஞ்சும் சான்று அப்படம் ஒன்றே. அதுவும் வெளிறிவிடின், அம்முகத்தை மீண்டும் காண்பதற்கு வழியே இல்லை.

படம் வெளிறுவது எவ்வாறு என்பதை விளக்க, வீட்டில் உள்ள மஞ்சளே போதும். வெண்துணியில் பட்ட மஞ்சட் கறை சோப்பிட்டுத் துவைத்தாலும் எளிதில் போவதில்லை. ஆனால் வெயிலில் காயவைத்தால் தானே மங்கி மறைகிறது. மஞ்சள் தோய்த்த புதுத்துணியை நிழலில் உலர்த்தவேண்டும் என்று வீட்டிலுள்ள முதியோர் கூறுவதும் இதனாலேதான். மஞ்சளுக்கு நிறம் தருவது அதிலுள்ள ஒரு வேதிப்பொருள். அப்பொருளின் மூலக்கூறுகள் ஒளியின் ஆற்றலை ஏற்கும்போது சிதைந்து, நிறமற்ற வேறு பொருள்களாகின்றன. படங்களிலுள்ள பல சாயங்களுக்கும் நேர்வது இதுவே. நிறம் எங்கோ பறந்துபோய்விடவில்லை. நிறத்தைத் தந்த பொருளே உடைந்துபோய்விட்டது. ஆகையால், வெளிறிய படத்தை மீண்டும் இருட்டில் வைப்பதனாலோ, துடைப்பதனாலோ பழைய நிறம் திரும்புவதில்லை.

ஒளியின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. கதிரவனின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகும் ஏழு நிறங்களேயன்றி, புலனாகாத கதிர்களும் உள்ளன. சிவப்பிற்கு அப்பால் வெப்பம் தரும் கதிர்கள் இருப்பதை 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் கண்டார். அதற்கு மறு ஆண்டில், ஊதாவிற்கு அப்பாலும் கதிர்கள் இருப்பதை ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் கண்டறிந்தார். முன்னதை அகச்சிவப்புக் கதிர் என்றும், பின்னதைப் புற ஊதாக் கதிர் என்றும் வழங்குகிறோம். புற ஊதாக் கதிரின் அலைநீளம் குறைவு. அதனால் அதன் ஆற்றல் மிகுதி. சாயங்களைச் சிதைப்பதில் அது முன்நிற்கிறது. படச் சட்டத்திலுள்ள கண்ணாடி அதனைத் தடுத்துவிடும் என்று எண்ணுவோர் உளர். சாதாரணக் கண்ணாடி அக்கதிர்களில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. எஞ்சியவற்றையும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் உள்ளே விட்டுவிடுகிறது. அப்புலனாகும் ஒளியும் நிறத்தைச் சிதைக்க வல்லதே. எனவே கண்ணாடி தூசியைத் தடுக்கும் காவலனேயன்றி, வெயிலைத் தடுக்கும் காவலன் அன்று.

எல்லா நிறங்களும் ஒரே விரைவில் அழிவதில்லை என்பதும் கருதத்தக்கது. தேநீர்க் கடையின் வெளிச்சுவரில் நெடுநாள் தொங்கும் வண்ண நாள்காட்டியைப் பார்த்தால் இது விளங்கும். அதிலுள்ள முகங்களும் ஆடைகளும் நாளடைவில் நீலம் பாய்ந்தனபோல் தோன்றும். நீலம் புதிதாக வந்து சேர்ந்ததன்று. சிவப்பு மையும் மஞ்சள் மையும் முதலில் அழிந்துபோக, நீலமும் கறுப்பும் எஞ்சி நிற்கின்றன. காவிக்கல், விளக்குக் கரி, சுண்ணம் போன்ற மண்ணும் கனியும் தந்த நிறப்பொருள்களோ ஒளியை எளிதில் தாங்கி நிற்பவை. பழங்காலச் சுவரோவியர்கள் பெரிதும் இவற்றையே கையாண்டனர்.

நிறப்பொருளின் வலிமையோடு நிழலின் காவலும் சேர்ந்தால், ஓவியம் எத்துணைக் காலம் வாழும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சான்றாக விளங்குகிறது. இராசராச சோழன் எழுப்பிய அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த ஒடுங்கிய சுற்றுப்பாதையில், வெயில் நேரே புகாத இடத்தில், சோழர் கால ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அவற்றின்மேல் நாயக்கர் கால ஓவியங்கள் தீட்டப்பட்டமையால் அவை உலகின் கண்ணுக்கு மறைந்திருந்தன. 1931-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றை வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழிந்தபின்னும் ஆடல் மகளிரின் உருவங்களும் முகக்குறிப்புகளும் தெளிவுற விளங்கின. காற்றும் வெயிலும் அலைக்கும் வெளிச்சுவரில் அவை தீட்டப்பட்டிருப்பின், இன்று அவற்றின் சுவடும் எஞ்சியிராது.

ஒளி செய்யும் கேட்டை முறையாக அளந்து ஆராய்ந்தவர்களுள் ரசல், ஆப்னி என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் குறிப்பிடத்தக்கவர். நீர்வண்ணங்களை வெயிலிலும் பிறவகை ஒளியிலும் வைத்துச் சோதித்து, 1888-ஆம் ஆண்டு அவர்கள் தம் முடிவுகளை வெளியிட்டனர். காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் மங்கிய நிறங்களுள் பெரும்பாலானவை, காற்று நீக்கப்பட்ட குழாய்களில் மங்காமல் நின்றன. ஒளி தனித்து நின்று அழிப்பதைவிட, ஈரக்காற்றோடு கூடி நின்று அழிப்பது மிகுதி என்பது இதனால் புலனாயிற்று. கடலோரத்து ஊர்களில் காற்றில் என்றும் ஈரம் மிகுந்திருக்கும். ஆதலின், அங்கு வாழ்வோர் தம் படங்களை வெயிலினின்று காப்பதில் மற்றவரினும் விழிப்பாய் இருத்தல் வேண்டும்.

ஒளியினால் விளையும் கேட்டிற்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது சேர்ந்துகொண்டே போவது. இன்று ஒரு மணி நேரம் பட்ட ஒளியின் கேடும், அடுத்த ஆண்டு ஒரு மணி நேரம் படும் ஒளியின் கேடும் ஒன்றோடொன்று கூடும். இரவில் உடல் இளைப்பாறுவதுபோல் படம் இளைப்பாறி, இழந்ததை மீட்டுக்கொள்வதில்லை. ஒளியின் செறிவை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ 1 லக்ஸ். காகிதத்தில் அமைந்த ஓவியங்களுக்கும் சாயமிட்ட துணிகளுக்கும் 50 லக்ஸ் அளவு ஒளியே போதும் என்பது அருங்காட்சியகங்கள் கைக்கொள்ளும் நெறி. நண்பகல் வெயிலின் செறிவோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அருங்காட்சியகத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் காட்சிக்கு வைக்கப்படும் படம், 250 நாட்களில் பெறும் ஒளியை, வெயிலில் கிடக்கும் படம் ஒரே மணி நேரத்தில் பெற்றுவிடுகிறது.

காலை இளவெயில் இத்துணைக் கடுமையானதன்று. அதன் செறிவை 10,000 லக்ஸ் எனவும், அது படத்தின்மேல் நாள்தோறும் அரை மணி நேரம் விழுவதாகவும் வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு காலையிலும் அப்படம் அருங்காட்சியகத்தின் 12 நாட்களுக்குரிய ஒளியைச் செலவிட்டுவிடுகிறது. புற ஊதாக் கதிரால் நேரும் கேடு இக்கணக்கில் சேரவில்லை. 30 ஆண்டுகள் அவ்வாறு கழியின் படத்தின் நிலை யாதாகும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

தெய்வப் படங்களைக் கிழக்கு நோக்கி அமைப்பது பலரது வழக்கம். கிழக்கு நோக்கிய படம், கிழக்கு வாயிலுக்கு எதிரேயுள்ள சுவரில் அமைவதும் உண்டு. வட்டக்கோட்டைப் பகுதியில் கிழக்கே மலையும் இல்லை, உயர்ந்த கட்டடங்களும் மிகுதியாக இல்லை, விரிகடலே உள்ளது. அடிவானிலிருந்து எழும் கதிர் தடையின்றி வந்து, ஏறக்குறைய கிடையாகவே வீட்டினுள் புகுகிறது. பொழுது ஏற ஏற, கதிர் சாய்ந்து இறங்கி, ஒளித்திட்டு சுவரிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து வாயிலுக்கும் நகர்ந்து வெளியேறுகிறது. வீட்டார் வேலைகளில் ஈடுபட்டிருக்கும் விடியற்போதில் நிகழும் இந்நிகழ்ச்சியை எவரும் உற்றுநோக்குவதில்லை.

அவ்வொளித்திட்டு ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் விழுவதும் இல்லை. ஆனி மாதத்தில் கதிரவன் நேர் கிழக்கிற்கு ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி எழுகிறான். மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி எழுகிறான். இதனால், வாயிலிலிருந்து 5 மீட்டர் உள்ளே இருக்கும் சுவரில், ஒளித்திட்டு ஆனியில் 2 மீட்டருக்குச் சற்று மேலாகத் தெற்கேயும், மார்கழியில் அதே அளவு வடக்கேயும் விலகி விழக்கூடும். ஆனியில் பார்த்து, ‘இவ்விடம் நிழலானது’ என்று மகிழ்ந்து படத்தை மாட்டியவர், மார்கழியில் அதன்மீது வெயில் விழுவதைக் காண நேரலாம். ஆதலின் ஒரு சுவர் நிழலானதா என்பதை ஒரு நாள் பார்த்துத் துணிதல் கூடாது. மாதம் ஒருமுறை, ஒளித்திட்டின் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வருதல் நன்று. உத்தராயணம், தட்சிணாயனம் என்று நூல்களில் படிப்பதை, மாணவர் தம் வீட்டுச் சுவரிலேயே காணும் வாய்ப்பும் அதனால் கிட்டும்.

வடக்குப் பலகணியின் வெளிச்சம் தீங்கற்றது என்று மேனாட்டு நூல்கள் கூறும். ஐரோப்பாவில் நண்பகற் கதிரவன் என்றும் தெற்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவ்வுரை அந்நாடுகளுக்குப் பெரிதும் பொருந்தும். வட்டக்கோட்டையோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 8 பாகையளவிலேயே உள்ளது. ஏப்ரல் 11-ஆம் நாளை ஒட்டிக் கதிரவன் இவ்வூரின் உச்சியைக் கடந்து வடக்கே செல்கிறான். செப்டம்பர் 1-ஆம் நாளை ஒட்டி மீண்டும் உச்சிக்குத் திரும்புகிறான். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். வடக்குச் சுவரும் வெயில் காயும். பிற நாட்டார் தம் வானத்தைக் கண்டு வகுத்த விதியை, நம் வானத்தை நோக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது.

நம் முன்னோர் தம் வானத்தை நன்கு நோக்கியே வீடு அமைத்தனர். ஓட்டுக்கூரையின் இறவாரம் சுவருக்கு வெளியே நீண்டு தாழ்ந்திருப்பது மழைக்காக மட்டுமன்று. தெற்குச் சுவருக்கு மேல் இறவாரம் ஒரு மீட்டர் நீண்டிருப்பின், கதிரவன் தெற்கே மிகவும் தாழ்ந்து செல்லும் மார்கழி நண்பகலிலும், அதன் நிழல் சுவரில் 1.6 மீட்டர் ஆழம் வரை இறங்கி நிற்கும். திண்ணையும் உள்நடையும் வெயிலைப் படிப்படியாகத் தணித்துக் கூடத்திற்கு வெளிச்சத்தை மட்டும் அனுப்பின. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில், பலகணிகளுக்கு நிறமூட்டிய அபிரகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. காக்காய்ப்பொன் என்று வழங்கப்படும் அத்தகடுகள், புழுதியையும் வெம்மையையும் தடுத்து, மென்மையான ஒளியை மட்டுமே உள்ளே விடுகின்றன. மார்த்தாண்டவர்மர் முன் டிலனாய் பணிந்து நிற்கும் காட்சியைக் காட்டும் ஓவியமும் அவ்வரண்மனையிலேயே காணப்படுகிறது.

இறவாரத்தைச் சுருக்கி, பெரிய கண்ணாடிச் சன்னல்களை அமைத்து இக்காலத்தில் வீடுகள் கட்டப்படுகின்றன. அவற்றால் காற்றும் வெளிச்சமும் மிகுவது நன்மையே. ஆயினும், பழைய வீட்டின் நிழலில் 60 ஆண்டுகள் கேடின்றி இருந்த படம், புதிய வீட்டின் வெளிச்சத்திற்கு வந்த 6 ஆண்டுகளில் வெளிறிப்போதல் கூடும். வீடு மாறும்போது படத்தின் இடத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படம் வெளிறியுள்ளதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாக எடுத்து, சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தைப் பார்க்கவேண்டும். அவ்வொடுங்கிய ஓரம் வெயிலைக் காணாதது; ஆகையால் அங்கு மட்டும் பழைய நிறம் பொலிவுடன் எஞ்சியிருக்கும். அதற்கும் நடுப்பகுதிக்கும் உள்ள வேறுபாடே ஒளி கவர்ந்து சென்ற பொருளின் அளவு. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பின் அதனைப் பிரிக்க முயலுதல் கூடாது; காகிதம் கிழிந்து உருவமே சிதைந்துவிடும்.

இனி, செய்யவேண்டுவன யாவை? முதலாவது, வெயில் நேரே விழாத உட்சுவருக்குப் படத்தை மாற்றுதல். இரண்டாவது, வழக்கத்தை மாற்ற இயலாத இடத்தில் திரையிடுதல். கோயிற் கருவறையில் வழிபாட்டு வேளையில் திரை விலகுவதும், மற்ற வேளையில் மூடுவதும் யாவரும் அறிந்ததே. அவ்வாறே, பூசையறைப் படத்திற்கும் சிறு துணித்திரை ஒன்று அமைத்து, விளக்கேற்றும்போது விலக்கலாம்; விடியற்காலை வெயில் நேரத்தில் மூடலாம். மூன்றாவது, படத்திற்குப் படி எடுத்து வைத்தல். இக்காலத்தில் கைப்பேசியாலேயே தெளிவான படி எடுக்க இயலும். அப்படியை அச்சிட்டு வெளிச்சமான கூடத்தில் மாட்டி, மாலையும் பொட்டும் அதற்கே இட்டு, மூலப்படத்தை ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் வைப்பது அறிவுடைமை. வெளிறியபின் எடுக்கும் படி வெளிறிய நிறத்தையே காட்டும். ஆதலின், இதனை நாளை என்று ஒத்திப்போடலாகாது. படியின் பின்புறத்தில், படத்திலிருப்பவர் பெயரையும் ஊரையும், தெரியுமாயின் ஆண்டையும் எழுதிவைப்பது இன்னும் நன்று.

இவ்வாறு கூறுவதால், படத்தை என்றும் இருட்டறையில் பூட்டிவைக்கவேண்டும் என்பது பொருளன்று. படம் காண்பதற்கென்றே உள்ளது. ஒருவரும் காணாத படம், எவரும் உண்ணாமல் பத்தாயத்தில் மக்கிய நெல்லை ஒக்கும். ஆயின் ஒவ்வொரு படமும் தன் வாழ்நாளில் தாங்கக்கூடிய ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குட்பட்ட ஒளியை ஒரு முதல் என்றே கொள்ளலாம். பார்ப்பவர் இருக்கும்போது செலவாகும் ஒளி பயனுள்ள செலவு. எவரும் பாராத வெறும் கூடத்தில் வெயில் விழுந்து செலவாகும் ஒளி வீண் செலவு. நிழல் அம்முதலைச் சேமித்து வைக்கும் பெட்டகமாகும்.

பாட்டனார் தேடிவைத்த நிலத்தைப் பேரன் விற்றுத் தின்றால் ஊரார் பழிப்பர். பாட்டனாரின் முகத்தை வெயில் சிறிது சிறிதாகத் தின்னும்போது பழிப்பவர் எவரும் இல்லை. ஏனெனில் அவ்விழப்பு ஓசையின்றி நிகழ்கிறது. நிலம் போயினும் உழைத்து மீண்டும் வாங்கலாம். வெளிறிய முகத்தை எப்பொருள் கொடுத்தும் வாங்க இயலாது. முன்னோரின் படம் இன்று அதனை வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. இனிப் பிறக்கவிருப்பவர்க்கும் உரியது. அவர்களும் தம் பாட்டனாரின் பாட்டனாரைக் கண்ணுக்கு நேரே காணும்படி, இன்று ஒரு திரையிட்டு நிழல் தருவது நம் கடமையாகும்.